வயதான வேகக்கார சின்ன காருக்கு மாற்று எது? செட்டிநாட்டுச் சாலைகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"இன்ஜின் இன்னும் பல வருஷம் ஓடும் தம்பி. சுத்தி இருக்கிற ரப்பர்தான் ஒவ்வொண்ணா கைவிடுது."

காரைக்குடியில் என் வண்டியைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன், மேலே ஏற்றி நிறுத்திய காரின் அடியில் டார்ச் அடித்துக் காட்டியபடி இதைச் சொன்னார். முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. இன்ஜின் மவுன்ட் ஒன்று தளர்ந்து தொங்கியது. முன்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் நம்ம ஊர்ச் செம்மண் அப்பியிருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து மாற்று தேடத் தொடங்கினேன். அது முடிய ஏழு மாதம் ஆனது. முதல் மூன்று மாதம் தப்பான வரிசையில் தேடினேன். கார் பெயர்களில் தொடங்கி, விலைக்குப் போய், கடைசியில்தான் எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். சரியான வரிசை இதற்கு நேர்தலைகீழ். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த வகைக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு உதவும் சாதாரண சின்ன கார். ஆனால் கூடுதல் சக்தி, இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக். இதைத்தான் 'ஹாட் ஹேட்ச்' என்கிறார்கள். 1976-ல் வந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. இந்த வகையைப் பிரபலமாக்கியது. அதன் சக்தி 110 பி.எஸ். (குதிரைத்திறன்); எடை சுமார் 810 கிலோ. நம் நாட்டில் ஃபியட் பாலியோ 1.6, 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-ன் அபார்த் புன்ட்டோ, 2017-ன் பலேனோ ஆர்.எஸ்., 2018-ன் டியாகோ ஜே.டி.பி. என்று ஒரு சின்னக் குடும்பம் இருந்தது. இன்று இவற்றில் ஒன்றுகூடப் புதிதாகக் கிடைக்காது. போலோவின் தயாரிப்பே 2022-ல் இங்கே முடிந்துபோனது. அதனால் 'அதே காரின் புது மாடல்' என்ற எளிய வழி நமக்கு இல்லை.

படி 1: பழைய காரில் எது பிடித்தது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போங்கள். நான் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் வரை போய், அங்கிருந்து கீழச்சிவல்பட்டிப் பக்கமாகச் சுற்றித் திரும்பினேன். பாட்டு போடவில்லை. மனம் மலர்ந்த ஒவ்வொரு இடத்திலும் ஓரமாக நிறுத்தி, என்ன நடந்தது, எந்த கியரில், எத்தனை வேகத்தில் என்று நோட்டில் குறித்தேன்.

வீட்டுக்கு வந்து படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. மொத்தம் பதினோரு குறிப்புகள். ஒன்பது குறிப்புகள் 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே நடந்தவை. கண்மாய்க்கரை வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்பியது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது லீவர் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. டிராக்டரைத் தாண்ட மிதித்ததும் தயங்காமல் இழுத்தது. உச்ச வேகம், சீறும் சத்தம், பெரிய சக்கரம் எதுவும் அந்த நோட்டில் இல்லை.

இது எல்லாருக்கும் இப்படித்தான் வரும் என்று சொல்லவில்லை. நேர்ச்சாலையில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றிச் சக்தியைக் கூட்டும் கருவி) முதுகைத் தள்ளும் அந்த உந்துதல்தான் உயிர் என்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று நோட்டு சொல்லட்டும். ஏனென்றால் வளைவை விரும்புகிறவரும் உந்துதலை விரும்புகிறவரும் வாங்க வேண்டிய கார்கள் வேறு வேறு.

இன்னொன்றும் கணக்கில் வையுங்கள். 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்புப்படி, நடுவே தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர், சாதாரணச் சாலைகளில் 70 என்று வைக்கப்பட்டது. ஆகவே 60, 70-ல் போகும்போதே சுகம் தராத கார், எவ்வளவு சக்தி இருந்தாலும், நம் ஊரில் உங்களுக்குச் சுகம் தரப்போவதில்லை.

படி 2: மாற்றத்தான் வேண்டுமா?

நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வயதுக் கார் சோர்வாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இன்ஜின் அல்ல. ஷாக் அப்சார்பர், புஷ், மவுன்ட், டயர் ஆகிய நான்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால் நமக்கு உறைப்பதில்லை. நம் வெயிலில் டயர் ரப்பர் ஆறு வருடத்தில் இறுகிவிடுகிறது. டயரின் பூ, அதாவது மேலுள்ள பள்ளக்கோடுகள், தேயாமல் இருந்தாலும் பிடிப்பு போய்விடும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். '2319' என்றிருந்தால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது.

உங்கள் மெக்கானிக்கிடம் அடுத்த இரண்டு வருடத்தில் வரக்கூடிய எல்லா வேலைக்கும் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். கிளட்ச், சஸ்பென்ஷன், டயர், ஏ.சி. கம்ப்ரஸர், குளிர்விக்கும் குழாய்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். அந்தத் தொகை காரின் இன்றைய விற்பனை விலையில் பாதிக்குள் இருந்தால், செய்துவிட்டு ஓட்டுங்கள் என்பேன். பாதியைத் தாண்டினால் விடைகொடுக்கலாம். இது என் சொந்த அளவுகோல்தான். ஆனால் முடிவெடுக்க உதவியது.

பணத்தைவிட உதிரிபாகம் கிடைப்பது முக்கியம். உற்பத்தி நின்றுபோன காருக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய்க்காக மூன்று வாரம் காத்திருந்திருக்கிறேன். அந்த மூன்று வாரமும் கார் ஷெட்டில் சும்மா நின்றது. பெட்ரோலும் ஒரு காரணம். இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இதற்கேற்ற பாகங்களோடு தயாரானவை. அதற்கு முந்தியவை பெரும்பாலும் குறைந்த கலப்புக்காக வடிவமைக்கப்பட்டவை. பழைய காரை வைத்துக்கொள்வதென்றால் எரிபொருள் குழாய்கள், சீல்கள் எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பதிவு செய்து 15 வருடம் நெருங்கினால் ஆர்.சி. புதுப்பிப்பும் வரும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

படி 3: சக்தியைத் தனியாகப் பார்க்காதீர்கள், எடையோடு பாருங்கள்

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பி.எஸ். எண். கூடவே எடையையும் எடுத்து, ஒரு டன்னுக்கு எத்தனை பி.எஸ். என்று வகுத்துப் பாருங்கள். முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ.க்கு 136 வருகிறது. 950 கிலோ எடையில் 102 பி.எஸ். தந்த பலேனோ ஆர்.எஸ்.ஸுக்கு 107. இப்போதைய ஸ்விஃப்ட் சுமார் 920 கிலோ, 82 பி.எஸ்.; டன்னுக்கு 89. காகிதத்தில் ஸ்விஃப்ட் பின்தங்குகிறது. ஆனால் எடை குறைந்த காருக்கு வேறு வரங்கள் உண்டு. பிரேக் சீக்கிரம் பிடிக்கும். வளைவில் உடல் குறைவாகச் சாயும். டயர் மெதுவாகத் தேயும். இவை எந்த விளம்பரத்திலும் எண்ணாக வருவதில்லை.

டார்க், அதாவது நியூட்டன் மீட்டரில் சொல்லும் இழுவை, எந்த ஆர்.பி.எம்.-ல் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சியில்) தொடங்குகிறது என்பதையும் கேளுங்கள். டர்போ இன்ஜின்கள் 1,500, 2,000-லேயே முழு இழுவையைத் தருகின்றன. ஊர்ச் சாலையில் டிராக்டரையும் வைக்கோல் லாரியையும் தாண்ட இதுதான் உதவும். டர்போ இல்லாத இன்ஜினை 4,000 வரை சுழற்ற வேண்டும். சிலருக்கு அப்படிச் சுழற்றுவதே இன்பம். நான் அந்தக் கட்சி. ஆனாலும் வீட்டில் நான்கு பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால் டர்போவின் அருமை புரிகிறது.

படி 4: சாலையையும் வீட்டாரையும் பட்டியலில் சேருங்கள்

செட்டிநாட்டில் கார் ஓட்டுகிறவருக்கு மூன்று வகைச் சாலை. மதுரைக்கும் திருச்சிக்கும் போகும் பெருஞ்சாலை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோட்டையூர் என்று ஊருக்கு ஊர் இணைக்கும் ஒற்றைத் தார்ச்சாலை. அப்புறம் ஊருக்குள் இருக்கும் நேர் நேரான தெருக்கள். நம் முன்னோர் கட்டம் போட்டு அமைத்த அகலமான தெருக்கள் அவை. முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே வீடு தெருவுக்குத் தெரு நீளும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அந்தத் தெருமுனைகளில் உயர்ந்த சுவர்கள் பார்வையை மறைக்கும். குறுக்கே சைக்கிளோ மாடோ வருவது கடைசி நொடியில்தான் தெரியும். அங்கே தேவை நல்ல பிரேக்கும் தெளிவான பார்வையும்தான்.

இணைப்புச் சாலைகளின் பெரிய பிரச்சினை வேகத்தடை. வெள்ளைக்கோடு இல்லாமல், பள்ளிக்கூடத்துக்கு முன்னும் கோயிலுக்கு முன்னும் திடீரென்று எழும். ஸ்விஃப்ட்டுக்கு 163 மில்லிமீட்டர் தரை இடைவெளி, ஃப்ராங்க்ஸுக்கு 190. நான்கு பேர் உட்கார்ந்தால் இரண்டிலுமே கணிசமாகக் குறையும். 163 போதாது என்று பயப்பட வேண்டாம், மெதுவாக ஏறி இறங்கினால் போதும். ஆனால் தோட்டத்துக்கோ கண்மாய் வழியாகவோ தினமும் போகிறவர்கள் உயரத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. இன்னொரு விஷயம், சக்கரத்தின் அளவு. 16 அங்குல டயரின் பக்கச்சுவர் மெலிந்திருந்தால் பள்ளத்தில் அடி நேராக ரிம்முக்குப் போகும். 15 அங்குலமும் தடித்த பக்கச்சுவரும் நம் சாலைக்கு மிகவும் பொருத்தம். மேல்வகைக் காரின் பளபளக்கும் அலாய் சக்கரத்துக்காக மட்டும் அதை விட்டுவிடாதீர்கள்.

வீட்டாரைப் பற்றி. டெஸ்ட் டிரைவுக்கு வந்த ஒரு காரின் பின்சீட்டில் அப்பத்தாவை உட்காரவைத்து, ஆத்தங்குடி வரை போய்வந்தேன்.

"எப்படி இருக்கு அப்பத்தா?"

"உள்ள ஏறக் குனியணும் ராசா, அது பரவாயில்லை. ஆனா சன்னல் சின்னதா இருக்கு. கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குடா."

அந்தக் கார் அன்றே என் பட்டியலிலிருந்து போனது. ஓட்டுகிறவருக்கு எவ்வளவு பிடித்தாலும், வீட்டுப் பெரியவர்கள் ஏற மறுக்கும் கார் ஷெட்டிலேயே நின்றுவிடும். பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, சீட் எவ்வளவு உயரம், பின்பக்கம் ஏ.சி. காற்று வருகிறதா என்று அவர்களை உட்காரவைத்தே பாருங்கள். சித்திரை வெயிலில், நண்பகல் நேரத்தில்.

படி 5: பத்து லட்சக் கோடு

பணக் கணக்கில் ஒரே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் ஐம்பதாயிரம் ரூபாய் இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கான சாலை வரி விலையைப் பொறுத்து ஏறுகிறது: 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இந்த விகிதம் முழு விலைக்கும் பொருந்தும், கூடுதல் பகுதிக்கு மட்டுமல்ல. 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800. காரின் விலையில் வித்தியாசம் 20,000. வரியில் வித்தியாசம் 53,100. ஒரு சன்ரூஃபுக்காகவோ பெரிய திரைக்காகவோ இந்தக் கோட்டைத் தாண்டுவதா என்று நிதானமாக யோசியுங்கள். பல டர்போ கார்களின் வகைகள் சரியாக இந்தக் கோட்டின் இருபுறமும் விழுகின்றன.

நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. முன்பு செஸ் சேர்த்து 29 இருந்தது. கணக்குப் போட்டால் ஷோரூம் விலையில் எட்டரை விழுக்காடு குறைவு. நாம் தேடும் 1.0, 1.2 லிட்டர் கார்கள் இதற்குள்தான் வருகின்றன. சில வகைகள் பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கியது இதனால்தான்.

ஷோரூம் விலையை மறந்துவிட்டு ஆன்-ரோடு விலையைக் கேளுங்கள். அதில் 'கையாளும் கட்டணம்' போன்ற வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள்; பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். இன்சூரன்ஸை வெளியிலும் விசாரித்து ஒப்பிடுங்கள்.

படி 6: புதுக் கார்களில் எவை

ஹூண்டாய் ஐ20 என் லைன். இன்று புதிதாக வாங்கக்கூடியவற்றில் பழைய ஹாட் ஹேட்ச்சுக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பது என் தீர்ப்பு. 2021-ல் வந்தது. 1.0 லிட்டர் டர்போ, 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர். சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். தொடக்கத்தில் கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி. கியர் இருந்தது, 2023-ல் அதற்குப் பதில் முறையான 6 ஸ்பீடு மேனுவல் வந்தது. அந்த மாற்றம்தான் இந்தக் காரை என் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுவந்தது. குறையும் உண்டு. 2022-ல் குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனை ஐ20-க்குத் தந்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான்.

ஏழு ஸ்பீடு டி.சி.டி. தானியங்கி வகையும் உண்டு. மாற்றும் வேகம் அருமை. ஆனால் அது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறும். தைப்பூசத்துக்கு முன், குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியும் பாதயாத்திரையும் போகும் நாட்களில் அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். நடக்கிறவர்களுக்கு வழிவிட்டு அவர்கள் வேகத்தில்தான் போக வேண்டும், அதுதான் முறை. அப்படிப்பட்ட ஓட்டம் அதிகமிருந்தால் மேனுவலோ, திரவம் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் தானியங்கியோ நல்லது.

மாருதி ஸ்விஃப்ட். 2024-ல் வந்த நான்காம் தலைமுறையில் மூன்று சிலிண்டர் இன்ஜின், 82 பி.எஸ்., 112 நியூட்டன் மீட்டர். ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் உண்டு. முந்தைய நான்கு சிலிண்டர் இன்ஜின் மேலே சுழலும்போது பாடும். இது அப்படிப் பாடாது என்பதில் எனக்கு வருத்தம். ஆனால் இலகுவான எடையும் துறுதுறுப்பும் அப்படியே இருக்கின்றன. வளைவைக் காதலிக்கிறவர்கள், செலவைப் பார்க்கிறவர்கள் இதை ஓட்டிப் பார்க்காமல் விடக்கூடாது. எந்தச் சின்ன ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும் என்பது நமக்குப் பெரிய பலம்.

மாருதி ஃப்ராங்க்ஸ் டர்போ. பலேனோ ஆர்.எஸ்.ஸில் இருந்த பூஸ்டர்ஜெட் இன்ஜின் குடும்பம் திரும்பி வந்திருக்கிறது: 100 பி.எஸ்., 148 நியூட்டன் மீட்டர். டார்க் கன்வர்ட்டர் தானியங்கியும் உண்டு. டொயோட்டா டைசர் இதன் சகோதரன். உயரமும் வேண்டும், சுறுசுறுப்பும் வேண்டும் என்ற வீட்டுக்கு நடுவழி.

ஸ்கோடா கைலாக், போலோவை விட்டுவந்தவர்களுக்குப் பழகிய கை மாதிரி இருக்கும். போலோவின் கடைசி வருடங்களில் இருந்த அதே 1.0 டி.எஸ்.ஐ. குடும்ப இன்ஜின், இங்கே 115 பி.எஸ்., 178 நியூட்டன் மீட்டர். நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம். உயர்ந்த உடல்தான், ஆனாலும் வளைவில் ஒழுங்காக நிற்கிறது. நேர்ச்சாலை உந்துதல்தான் வேண்டும் என்பவர்களுக்கு மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ-வின் நேரடி எரிபொருள் பீய்ச்சும் டர்போ: 131 பி.எஸ்., 230 நியூட்டன் மீட்டர், இதற்கும் ஐந்து நட்சத்திரம். சின்ன கார் என்ற உணர்வு மட்டும் வராது.

கோல்ஃப் ஜி.டி.ஐ. 2025-ல் இங்கே இறக்குமதியாக வந்தது. 265 பி.எஸ்., 53 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் ஊரில் ஒரு வளவையே (பழைய செட்டிநாட்டு வீட்டையே) செப்பனிட்டுவிடலாம். பார்த்து மகிழ்வோம்.

மின்சாரக் காரையும் ஒதுக்காதீர்கள். மிதித்த கணத்தில் கிடைக்கும் இழுவை இதில்தான். டாடா பஞ்ச் இ.வி.யின் பெரிய பேட்டரி வகை 2024-ல் வந்தபோது 122 பி.எஸ்., 190 நியூட்டன் மீட்டர் தந்தது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர்க்காரன் என்பதால் பேட்டரியின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் பேட்டரியின் எடை வளைவில் தெரிகிறது. கியர் மாற்றும் இன்பமும் இல்லை. என் நோட்டில் பாதிக் குறிப்புகள் கியர் பற்றியவை என்பதால் நான் விலகினேன்.

படி 7: பழைய கார் வாங்குவதென்றால்

உண்மையில் சுவாரசியமான கார்கள் பழைய சந்தையில்தான் இருக்கின்றன. 2020 முதல் 2023 வரை விற்ற கிராண்ட் ஐ10 நியோஸ் டர்போ என் முதல் பரிந்துரை. சின்ன உடல், 100 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர், மேனுவல் கியர். பலர் கவனிக்காமல் விட்ட கார் இது. 2021 முதல் 2024 வரையிலான ஸ்விஃப்ட்டில் நான்கு சிலிண்டர், 90 பி.எஸ். இன்ஜின் உண்டு, சுழற்றி ஓட்டுகிறவர்களுக்கு இனிமை. ஆனால் அந்தத் தலைமுறை 2022-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது, அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். 2024-ல் வந்த அல்ட்ரோஸ் ரேசர் 120 பி.எஸ்., 6 ஸ்பீடு மேனுவல். நல்ல விலையில் அமைந்தால் விடாதீர்கள். அபார்த் புன்ட்டோ 145 பி.எஸ்., என் மனதுக்கு மிக நெருக்கம். ஆனால் ஒரு வண்டியை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன். பாகம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

வேகமான கார்களைப் பழையதாக வாங்கும்போது ஒரு தனி ஆபத்து, முந்தைய ஓனர் இன்ஜின் கணினியை ரீமேப் செய்து சக்தியைக் கூட்டியிருப்பார். விற்கும்போது பழையபடி மாற்றிவிடுவார்கள். அடையாளங்கள் மிஞ்சும்: வேறு கம்பெனி ஏர் ஃபில்டர், மாற்றிய எக்ஸாஸ்ட், வயதுக்கு முந்திப் போன கிளட்ச். காலையில் முதல் ஸ்டார்ட் நீங்களே அடியுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. டர்போ குழாய் இணைப்புகளில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா பாருங்கள். காரின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியை மாட்டிப் பதிவான பிழைகளைப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு டயரும் ஒரே கம்பெனியா, தேய்மானம் சீராக இருக்கிறதா என்பதும் நிறையச் சொல்லும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பாக்கி, அபராதம், இன்சூரன்ஸ் எல்லாம் சரிபாருங்கள். கடனில் வாங்கிய வண்டியென்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

படி 8: டெஸ்ட் டிரைவ் உங்கள் சாலையில்தான்

ஷோரூம்காரர் காட்டும் இரண்டு கிலோமீட்டர் வழவழப்பான சாலையில் எந்தக் காரும் நல்ல கார்தான். "அண்ணே, எங்க ஊர்ப் பக்கம் ஒரு நாற்பது கிலோமீட்டர் ஓட்டணும், பெட்ரோல் நான் போடுறேன்" என்று மரியாதையாகக் கேட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் மறுத்தார். மறுத்தவரிடம் நான் திரும்பப் போகவில்லை.

முதல் ஐந்து நிமிடம் வண்டியை நகர்த்தாமல் உட்காருங்கள். சீட்டும் ஸ்டீயரிங்கும் உங்களுக்கு ஏற்ப அமைகின்றனவா, முன்தூண் வளைவில் பார்வையை மறைக்கிறதா என்று பாருங்கள். பெரிய திரையில் விரல் வைக்காமல் ஏ.சி.யைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பதும் முக்கியம். பிறகு ஏ.சி. முழுதாக ஓட, வீட்டார் உட்கார்ந்திருக்க ஓட்டுங்கள். நோட்டில் நீங்கள் குறித்த அதே வளைவுகள், அதே வேகம். இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டரிலிருந்து மிதித்தால் எத்தனை நேரம் தயங்குகிறது? வேகத்தடையில் இறங்கியதும் கார் ஒரே அசைவில் அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடுகிறதா? ஒரே அசைவில் அடங்குவது நல்ல சஸ்பென்ஷன். பின்னால் யாரும் வராத இடத்தில் 60-லிருந்து அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். பெடல் எப்படிப் பதில் சொல்கிறது, கார் நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

ஒரே நாளில் இரண்டு கார்களுக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஓட்டி முடித்ததும் அங்கேயே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் விளம்பரம் நினைவில் கலந்துவிடும்.

மலையில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், வாடகைக்கோ நண்பரிடமோ அதே மாடலை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகச் சிறுமலைக்குப் போங்கள். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் ஏறும்போதும், இன்ஜின் பிரேக்கில் இறங்கும்போதும் ஒரு காரின் குணம் முழுக்க வெளியே வந்துவிடும்.

படி 9: விடைகொடுக்கும்போது காகிதம்

பழைய காரைப் புதுக் காருக்கு ஈடாக ஷோரூமிலேயே கொடுத்தால் வசதி; தனியாக விற்றால் கூடுதல் விலை. எப்படி விற்றாலும் இரண்டு விஷயம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகி, பெயர் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியதை நீங்களே பார்த்து உறுதிசெய்யுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாமல் இருந்தால் வண்டியின் அபராதமும் விபத்தும் உங்கள் வாசலுக்கு வரும்.

அடுத்தது, உரிமை கோராத வருடங்களுக்கான இன்சூரன்ஸ் தள்ளுபடி. அது காருக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருடம் உரிமை கோராதிருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை கிடைக்கும். பழைய காரை விற்றதும் கம்பெனியிடம் அதற்கான சான்று வாங்கிப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; மூன்று வருடத்துக்குள் பயன்படுத்தலாம். என் ஷோரூமில் இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானே கேட்டுத்தான் வாங்கினேன்.

எடுத்த பிறகு

நான் ஐ20 என் லைன் மேனுவலை எடுத்தேன், பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே உள்ள வகையில். ஸ்விஃப்ட் கடைசி வரை கூடவே வந்தது. திருமயம் சாலையில் மூன்று பேருடன் ஏ.சி. போட்டு லாரியைத் தாண்டிய அந்த ஓட்டம்தான் முடிவைத் தந்தது. அப்பத்தாவும் சரி என்றார்.

முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழு மிதி வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போவதும் வேண்டாம். கையேட்டில் சொன்ன எண்ணெயை, சொன்ன நாளுக்கு முன்பே மாற்றினாலும் நல்லதுதான். டர்போவின் ஆயுள் எண்ணெயின் சுத்தத்தில் இருக்கிறது. வேகமாக ஓட்டி வந்தால் அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டயர் காற்றை வாரத்துக்கு ஒருமுறை, விடிகாலையில், சக்கரம் சூடாகும் முன் பாருங்கள். ஷோரூமிலிருந்து வரும் புதுக் காரில் காற்று அதிகமாகவே இருக்கும். என் காரில் நான்கு சக்கரத்திலும் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இருந்தது. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு இறக்கிய பிறகுதான் அந்தக் கண்மாய்க்கரை வளைவில் ஸ்டீயரிங் என்னோடு பேசத் தொடங்கியது.